சொல்லிவிடுவதாக இருந்தோம்

உச்சியில் வைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான்
இந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தோம்.
வீட்டில் வேண்டாம்,
சுவருக்கு அந்தப்பக்கம் காது இருக்கிறது என்றார் டொக்சு.
மலை என்றால் அமைதியாக இருக்கும் என்றேன் நான்.
சியோலில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர்
அக்டோபர் மாதத்தில்
புக்ஹான்சானைப் பற்றி
இப்படிப் பேசிக்கொண்டோம் என்றால்
எங்கள் புத்தி எங்கே போயிருந்தது பாருங்கள்.

சுரங்க ரயிலிலேயே தொடங்கிவிட்டது மலை.
கிளிப்பச்சைச் சட்டைகள், ஆரஞ்சுச் சட்டைகள்,
யாருடையதோ மடக்கிய ஊன்றுகோல்
என் விலாவில்.
ரோவுன் எண்ணத் தொடங்கினான்,
சிவப்புத் தொப்பி மட்டும்.
பூங்கா வாசலுக்கு வருமுன் நூற்றுப் பன்னிரண்டு.

பாதையில் எள் விழ இடமில்லை.
முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தே ஏறினோம்.
மேப்பிள் சிவந்திருக்கிறது என்றார்கள்;
அண்ணாந்தால்
பின்னால் வருகிறவர் என் பையில் முட்டுகிறார்.
நின்றால் மன்னிப்பு, நகர்ந்தால் மன்னிப்பு.
ஒரு பெரியவரின் சட்டைப்பை வானொலி
எங்கள் வீட்டு ஆள் போல
இரண்டு கிலோமீட்டர் கூடவே வந்தது.

முதல் ஓய்விடத்தில்
டொக்சு தொண்டையைச் செருமினார்.
இசுல் நிமிர்ந்தாள். பதினான்கு வயது;
செருமலுக்குப் பொருள் தெரிகிற வயது.
அதற்குள் பக்கத்துப் பாறையிலிருந்து ஓர் அம்மாள்
இரண்டு வெள்ளரிக்காயை மடமடவென்று முறித்து
ஆளுக்குப் பாதி நீட்டிவிட்டாள்.
வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு
விவாகரத்து என்று எப்படிச் சொல்வது?
கடித்தோம்.
குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

கடைசி ஏற்றம் வெறும் பாறை.
ஏறும் வரிசை ஒன்று, இறங்கும் வரிசை ஒன்று,
பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி.
பாதியில் ரோவுனுக்குக் கால் நடுங்கிவிட்டது.
மேலிருந்து நான் கையை,
கீழிருந்து அவர் இடுப்பை,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
"பயப்படாதே" என்று கத்தினோம்.
"சின்ன வீரனுக்கு வழி விடுங்கப்பா!"
இறங்கி வந்த ஒருவர் குரல் கொடுக்க,
வரிசை மொத்தமும் வயிற்றை எக்கிப்
பாறையோடு ஒட்டிக்கொண்டது.
அத்தனை வயிறுகள், எங்கள் பொருட்டு.
கைதட்டலுக்கு நடுவே அவன் ஏறினான்.
அவன் பின்னால்
அந்தக் கைதட்டலில் பங்கில்லாத நாங்களும்.

உச்சியிலும் வரிசை.
கொடிக்கம்பத்தடியில் படம் எடுக்க நாற்பது நிமிடம்.
கீழே நகரம் முழுவதும் தெரிந்தது.
எங்கள் அடுக்குமாடியைத் தேடினான் ரோவுன்.
அவர் ஒரு திசை காட்டினார், நான் வேறு திசை.
எங்கள் முறை வந்ததும்
பின்னால் நின்ற கல்லூரிப் பையன் கைபேசியை வாங்கிக்கொண்டான்.
"கிட்ட வாங்க. இன்னும். இன்னும்.
உங்க ரெண்டு பேருக்கு நடுவுல
இன்னொரு குடும்பமே நிக்கலாம் போல."
வரிசை சிரித்தது. நெருங்கினோம்.
அவர் காதோரம் வியர்வை காய்ந்து
உப்புப் பூத்திருந்தது.
அதைப் பார்க்கிற தூரத்தில் நான் நின்று
எத்தனை மாதமாகிறது.

அடிவாரத்தில் தூசி ஊதும் குழாய்கள்.
அழுத்தினால் புஸ்ஸென்று
மலை முழுவதும் ஷூவை விட்டுப் பறந்துவிடும்.
அங்கேயும் நின்றோம், வேறென்ன.
தொப்பிக் கணக்கு மறந்துபோனதென்று
ரோவுன் அழுது முடித்துப்
பையின்மேல் சாய்ந்து தூங்கியிருந்தான்.
இசுல் என் கால்சட்டைக்குக் காற்றடித்தபடி,
தலை நிமிராமல்,
"கிம்பாப்பை ரெண்டு டப்பாவுல
தனித்தனியா கட்டினப்பவே தெரியும்" என்றாள்.
"இன்னைக்கு அவன்கிட்டச் சொல்லாதீங்க."

காற்றின் இரைச்சலில்
டொக்சுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.
அடுத்த குழாயை அவர் பிடித்திருந்தார்.
இடது ஷூவுக்கே திரும்பத் திரும்ப
ஊதிக்கொண்டிருந்தார்,
எப்போதோ சுத்தமாகிவிட்ட ஷூ.
"முடிஞ்சுதா?" என்று கேட்டார்
பின்னால் நின்ற சிவப்புத் தொப்பி.
"ஒரு நிமிஷம்" என்றார் அவர்.