மூன்றாவது சரணம்

வெர்லின் டாக்கெட்டின் வாழ்க்கை முழுவதையும்
அவன் விற்கிற தொப்பியின் உள்பட்டையில் எழுதிவிடலாம்.
கெண்டக்கியில் நிலக்கரி லாரி ஓட்டியவன் மகன்.
எழுபத்தொன்பதில் ஒரே ஒரு பாட்டு
தரவரிசையில் பதினொன்று வரை ஏறி
அங்கே மூச்சு வாங்கிவிட்டு இறங்கி வந்தது.
பிறகு தொண்டையில் கத்தி.
பிறகு தரைவிரிப்புக் கடைக்கு விளம்பரக் குரல்.
பேருந்தை ஒரு தேவாலயத்துக்கு விற்றான்.

அந்தப் பாட்டு எனக்கு இரண்டு சரணம்.
ஒருத்தி செம்பட்டைக் குதிரையை விற்கிறாள்,
அந்தக் காசில் பஸ் ஏறுகிறாள்.
அவ்வளவுதான். கிட்டார் தேய்ந்து மறையும்,
உடனே உர விளம்பரம்.

எண்பத்தொன்று ஜூலை. நெடுஞ்சாலை முப்பது.
கொடியிலிருந்து ஈரத்தோடு உருவிய துணிகள்
பிக்கப்பின் பின்னால் நாறத் தொடங்கியிருந்தன.
கெரால்டு எழுந்திருக்க இன்னும் ஒரு மணி நேரம்.
கார்னி தாண்டியதும் ரேடியோவில் அவன்.
அவளே போகிறாள், எனக்கென்ன
என்று மிதித்தேன்.
என் பக்கம் பேச வேறு சாட்சி இல்லை.

முப்பத்தெட்டு வருஷம் தானியக் கிடங்கில் எடை போட்டேன்.
லாரி ஏறும், முள் நடுங்கும், சீட்டு கிழிப்பேன்.
வண்டியின் எடையைக் கழித்தால்தான்
சோளத்தின் எடை தெரியும்.
அந்தப் பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுவேன்.

போன ஆகஸ்ட், மாவட்டக் கண்காட்சி.
பன்றிகளுக்குப் பரிசு கொடுக்கும் கொட்டகைக்கு அடுத்த கூடாரம்.
நாற்பது மடக்கு நாற்காலி, பாதி காலி.
ஸ்டூலில் உட்கார்ந்தே பாடினான், பாதி குரல், பாதி காற்று.
இரண்டாம் சரணம் முடிந்து நான் கைதட்ட எழுந்தேன்.
அவன் நிறுத்தவில்லை.

விச்சிட்டா பஸ் நிலையம். காசு தீர்ந்துவிட்டது.
மிச்சச் சில்லறையில் அவள்
குதிரையை வாங்கியவனுக்குப் போன் போடுகிறாள்.
திருப்பிக் கேட்கவில்லை.
இப்போது அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்
என்கிறாள்.

நீளம் என்று ரேடியோவுக்காக வெட்டிவிட்டார்களாம்.
தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னான்,
நகம் வெட்டியதைச் சொல்வதுபோல.

எனக்குக் கெரால்டு நினைவுக்கு வரவில்லை.
வேலிக்கம்பத்துச் சங்கிலிதான் வந்தது,
வண்டி நகர்ந்ததும் அது இழுபட்ட சத்தம்.
நாய் குரைக்கவில்லை.
கடைக்குப் போகிறேன் என்று நினைத்திருக்கும்.

வரிசையில் நின்று பதினைந்து டாலருக்கு
ஒரு குறுந்தகடு வாங்கினேன்.
யார் பேருக்கு எழுத, என்றான், பேனா மூடியைக் கடித்தபடி.
டப்பின்ஸ், என்றேன்.
ஒரு எழுத்தை விட்டுவிட்டு எழுதினான்.
வீட்டுக்காரரா?
இல்லை, என்றேன்.
அப்போது அதற்கு இரண்டு வயது.