ஏழாவது முறை மாதவரம்

புது வண்டி என்றுதான் பூசணிக்காய் உடைத்தோம்.
பதினோராம் நாள்
கதவு கையோடு வந்தது.
கைப்பிடி இல்லை, கதவே.
சுறாப்புட்டுத் தட்டோடு நின்ற ஆள்
"இன்னாக்கா, ஊட்டையே பார்சல் பண்றியா?" என்றான்.
சிரித்தேன்.
அப்போது சிரிப்பு மிச்சமிருந்தது.

நான்கு லட்சத்து அறுபதாயிரம்.
குழுக்கடன் பாதி, என் சரடு கொஞ்சம்,
மீதிக்கு
விசைப்படகில் இருந்த பங்கை விற்றான் தேசிங்கு.
சக்கரம் வைத்த சமையலறை,
ஆட்டோவின் பின்னால் கொக்கி போட்டு
காசிமேட்டிலிருந்து எங்கும் போகலாம்.
பட்டறைக்காரர் தயாளன் சொன்னார்:
"பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்மா."
உண்மைதான்.
திரும்பிப் பார்க்க நேரமேது,
முன்னால் இருப்பதே
விழுந்துகொண்டிருந்தது.

முதல் மழைக்குக் கூரை ஒழுகியது.
கொதிக்கிற எண்ணெயில் ஒரு சொட்டு விழுந்தால்
என்ன ஆகுமென்று
என் முழங்கையைக் கேளுங்கள்.
சிலிக்கான் பூசினார்கள்.
தரைப்பலகை உப்பியது,
ஊறப்போட்ட ஜவ்வரிசி மாதிரி.
சிலிக்கான் பூசினார்கள்.
தொட்டித் தண்ணீர் குழாய்க்குள் போகாமல்
என் செருப்புக்குள் போனது.
அதற்கும் அந்த வெள்ளைப் பசைதான்.
"கேஸ் வாசனை வருது" என்றேன்.
பையன் பசைத் துப்பாக்கியைத் தூக்கினான்.
"டேய், அதுக்கு வேணாண்டா!"
தயாளனே அலறிவிட்டார்.

எங்கள் ரோட்டில் இரவெல்லாம்
ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் வரிசை.
ஒவ்வொரு லாரி தாண்டும்போதும்
எங்கோ ஒரு திருகு கழன்று
டிங் என்று விழும்.
பொறுக்கி டால்டா டப்பாவில் போடுவேன்.
நேற்று எண்ணினேன், நாற்பத்து மூன்று.
இத்தனையும் வெளியே வந்த பிறகு
வண்டி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?
அந்தப் பயத்தில் தூக்கமில்லை.

ஜன்னல் முழுதாய் மூடாது.
மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால்
உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
"புது மசாலாவாக்கா?" என்பார்கள்.

இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது.
எண்ணெய் ஒரு ஓரமாய்த் தேங்க
வஞ்சிரத் துண்டின் பாதி பொரியும்,
பாதி யோசிக்கும்.
ஒரு செங்கல் கொடுத்தேன்.
பிறகு இன்னொன்று.
சக்கரம் வைத்த வண்டிக்கு
அஸ்திவாரம் கட்டியவள் நானாகத்தான் இருக்கும்.

தவணை மட்டும் ஒருநாளும் பழுதானதில்லை.
ஐந்தாம் தேதி ஒன்பது மணிக்கு வந்து நிற்கும்.

ஏழாவது முறை மாதவரம் போனபோது
வாசலில் அடுத்த வண்டிக்கு மாலை போட்டிருந்தது.
கொருக்குப்பேட்டைத் தம்பதி.
அந்தப் பெண் கதவைத் தடவிக்கொண்டிருந்தாள்,
கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவுவதுபோல.
பெயர் கேட்டேன், பிரமிளா என்றாள்.
"உங்க வண்டி நல்லா ஓடுதாக்கா?"

தயாளன் என்னைப் பார்த்தார்.
அந்தப் பார்வையில் ஒரு டீ இருந்தது,
ஒரு பிஸ்கட்டும்.

நான் பதில் சொல்லவில்லை.
புடவையைச் சொருகிக்கொண்டு
அவள் கதவில் இரண்டு கையாலும் தொங்கினேன்,
எழுபத்தெட்டு கிலோ.

தாங்கியது.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை.
அப்படியென்றால் முடியும்.
என்னுடையதிலும்
முடிந்திருக்கும்.

டால்டா டப்பாவை அவள் கையில் கொடுத்தேன்.
"எல்லாம் என் வண்டியில உதிர்ந்தது.
உள்ள ஏறிப் பாரு, மேல தட்டிப் பாரு.
மழை நாள்ல வந்து வாங்கு."
அவள் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள்.
அவள் புருஷன்
எண்ணிக்கொண்டிருந்த பணத்தை
மறுபடி பைக்குள் வைத்தான்.

அப்போதுதான், ஏழு முறையில் முதல்முறையாக,
"உக்காரும்மா" என்றார் தயாளன்.
நாற்காலியும் ஆடியது.
பரவாயில்லை.

சாயங்காலத்துக்குள் புதுக் கீல் மூன்று,
புதுத் தரைப்பலகை,
கேஸுக்கு நல்ல குழாய்.
பையன் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

கூரை?
சரியாயிடுச்சு என்கிறார்கள்.
ஐப்பசி வரட்டும்.