மூன்றாவது பாட்டில் ஒரு வழுக்கல்

சட்பரியில் நாங்கள் வாங்கிய முதல் கார்
எண்ணூறு டாலர்.
பின்கதவு திறக்காது. சூடு இடது பக்கம் மட்டும் வரும்.
டேப்பில் ஒரு கேசட் சிக்கியிருந்தது.
"அது வெளியே வராது" என்றார் விற்றவர்.
நிக்கல் சுரங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவராம்.
சாவியைக் கொடுத்த பிறகும்
கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி நின்றார்.

வண்டியைக் கிளப்பினால் அவள் பாடுவாள்.
அணைத்தால் பாதிச் சொல்லில் நிற்பாள்.
மறுநாள் காலை, மைனஸ் இருபத்தெட்டில்,
மீதிச் சொல்லிலிருந்து தொடங்குவாள்.

பெயர் தெரியாது.
ஒரு கிட்டார், ஒரு குரல்,
மூன்றாவது பாட்டுக்கும் நான்காவதுக்கும் நடுவே ஓர் இருமல்.
என் ஆங்கிலம் அப்போது
கடைக் கல்லாவைத் தாண்டாது.
எனக்குப் பிடிபட்டவை பனி, கெட்டில்,
பிறகு செவ்வாய்க்கிழமை.
செவ்வாய்க்கிழமையை யாராவது பாட்டில் வைப்பார்களா?
"நம்மவர்கள் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டார்கள்,
மிச்சம் இருந்தது அதுதான்" என்றார் இவர்,
கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டே.

மூன்றாவது பாட்டில் நாடா எங்கோ கசங்கியிருந்தது.
ஹோம் என்று வரும் இடத்தில்
குரல் தாழ்ந்து, குழைந்து,
தண்ணீருக்குள் போய்
ஹோ ஓ ஓ என்று மூச்சு முட்டி
மேலே வந்து சேரும்.

மதுரா பேசப் பழகியது
அந்தக் காரின் பின்சீட்டில்.
நான்கு வயதில் முழுப் பாட்டையும் பாடினாள்,
கசங்கலோடு.
அந்த இடம் வந்ததும் தாடையை இறக்கி, கண்ணை மூடி
முங்கி எழுவாள்.
நாங்கள் திருத்தவில்லை.
எங்களுக்கும் அதுதான் பாட்டு.

ஒன்பது குளிர்காலம் ஓடிய பிறகு
உப்பு அடித்தட்டைத் தின்றுவிட்டது.
எடைக்கு எடுத்தவன்
பாட்டோடு சேர்த்து நசுக்கினான்.

போன அக்டோபர்.
மதுரா பல் மருத்துவமனையில் வேலை,
வேலையில் முணுமுணுக்கும் பழக்கம் வேறு.
வாயைத் திறந்து படுத்திருந்த ஓர் அம்மாள்
பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தாராம்:
"அது என் தங்கை லோரென் எழுதிய பாட்டு.
ஆனால் அங்கே ஏன் வழுக்குகிறாய்?"

லோரென் பெல்மார்.
பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
ஒரே ஒரு கேசட், முந்நூறு பிரதி,
பாதி தன் வீட்டு நிலவறை வெள்ளத்தில் போனது.
இன்னும் மாதம் ஒருமுறை
நூலகத்தின் கீழ்த்தளத்தில் பாடுகிறார்.

போனோம்.
மடக்கு நாற்காலிகள், காபி வாசம்,
முட்டிவலிக்குத் தலையணை வைத்து உட்கார்ந்த ஒரு மெலிந்த உருவம்.
காரை விற்றவர் இருக்கிறாரா என்று தேடினேன்.
அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

மூன்றாவதாக அதையே எடுத்தார்.
பனி வந்தது. கெட்டில் வந்தது. செவ்வாய்க்கிழமையும்.
ஹோம் வந்தது:
நேராக, குறுக்காக,
கதவைச் சாத்துவது போல.

அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.
நாங்கள் இன்னும் தண்ணீருக்குள் இருந்தோம்.
நான், இவர், மதுரா, அவள் மகன் கயன்,
மூன்றாம் வரிசை மொத்தமும்
ஹோ ஓ ஓ என்று மூழ்கி
மூச்சு வாங்கி எழுந்தபோது
கூடமே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

கை தந்திமேல் நின்றது.
"எந்தக் கார்?" என்று கேட்டார்.
"பச்சை. பின்கதவு திறக்காது" என்றார் இவர்,
ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.
அவர் சிரிக்கவில்லை.
அந்த ஒரு சொல்லை, தணிந்த குரலில்,
எங்களைப் போல் வழுக்கிப் பார்த்தார்.
வரவில்லை.
இன்னொரு முறை பார்த்தார்.
பிறகு தன் வழியிலேயே பாட்டை முடித்தார்.

கைதட்டல் அடங்கியது.
முறுக்காணியைத் திருகிச் சுருதி சேர்த்தார்.

கயனுக்கு ஐந்து வயது.
அவன் அந்தக் காரில் ஏறியதில்லை,
கேசட் என்ற பொருளைக் கையில் தொட்டதில்லை.
அந்த அமைதியில் நிமிர்ந்து உட்கார்ந்து
ஒரு முறை, அளவாக, இருமினான்.

சளி ஒன்றும் இல்லை.
நான்காவது பாட்டுக்கு நேரமாகியிருந்தது.