நூற்றுப் பத்தொன்பது ரூபாய்த் தண்ணீர்

எங்கள் மதகு நடித்த படம் அது.
மன்னார்குடியில் ஐந்து வாரம் ஓடியது.
ஐந்து வாரமும் எனக்கு முறைத் தண்ணீர் டூட்டி.
இரவு பதினொன்றுக்குப் பலகை ஏற்று,
விடிகாலை மூன்றுக்கு இறக்கு,
நடுவில் கீழ்மடைக்காரரோடு சண்டை.
லீவு கிடைத்த அன்று
தியேட்டர் சுவரொட்டியில் வேறு யாரோ சிரித்தார்.

"லஸ்கரே, உம்ம மதகு வருதய்யா,
பாட்டுக்குப் பின்னால, சண்டைக்கு முன்னால."
பார்த்தவர் எல்லாம் சொல்லிவிட்டார்கள்.
தையல்நாயகிக்கு வேறு கவலை:
படப்பிடிப்பன்று கொடியில்
அவள் சிவப்பு நைட்டி காய்ந்ததாம்.
"ஊரே பார்த்திருக்கும். நான் பார்க்கலை."

மச்சான் திருப்பூரிலிருந்து ஒன்று அனுப்பினான்,
கைபேசியில் களவாடிய தியேட்டர்.
இருமலும் விசிலும் தெளிவாகக் கேட்டன.
சரியாக எங்கள் மதகு வரும்போது
முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.
பதினோரு வினாடியும் அவர் முதுகு.
"அடக்கத் தெரியாத மனுஷன்" என்றாள் தையல்.

மகள் இளவெயினி தேடினாள்.
ஒரு செயலியில் படம் தெலுங்கு பேசியது.
ஒன்றில் தமிழ்தான், இந்த நாட்டுக்கு இல்லையாம்.
இன்னொன்று வருடச் சந்தா கேட்டது.
ஒரு சாயங்காலத்துக்கு நிலத்தையே எழுதி வாங்குவதா?

கேபிள் பாசித்தைப் பார்க்கப் போனேன்.
ரயில்வே கேட்டில் நாற்பது நிமிடம்,
நீடாமங்கலத்துக் கணக்கில் அது சீக்கிரம்.
"வாடகைக்கு இருக்கு லஸ்கரே, நூத்திப் பத்தொம்பது.
முப்பது நாள் தொடாம வச்சிருக்கலாம்.
தொட்டா நாப்பத்தெட்டு மணி நேரம்.
அப்புறம் தானா அடைச்சுக்கும்."
இது எனக்குப் புரியாதா?
எங்கள் பிழைப்பே அந்தக் கணக்கில்தான்.

சனிக்கிழமை இரவு ஒன்பதரை.
பாசித் தந்த கம்பியால்
கைபேசியை டி.வி.யோடு கட்டித் திறந்தோம்.
பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தியும் வந்தார்.
இத்தனை பேர்தான் பார்க்கலாம் என்று
வாடகையில் எழுதியிருக்கவில்லை.

பாட்டு முடிந்தது.
மதகு.
நான் அடித்த பச்சைப் பெயிண்ட்,
நான் கிரீஸ் போட்ட திருகு.
கொடி இல்லை, நைட்டி இல்லை,
எங்கள் வீடு இருந்த இடத்தில் தென்னந்தோப்பு.
"துடைச்சிட்டாங்கம்மா."
தையலுக்கு நிம்மதியா ஏமாற்றமா, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரு கரை தொட்டு ஓடுகிறது கோரையாறு.

படம் பிடித்தது மே மாதம்.
மணலில் பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள்.
கதாநாயகன் குதித்தது நீல மெத்தை மேல்.
அதைச் சுமந்து இறக்கியவர்களில் நானும் உண்டு,
கூலி ஒரு பிரியாணிப் பொட்டலம்.
என் பதிவேட்டில் அந்த மாதம்
முப்பத்தொரு பூஜ்யம்.

"நிறுத்து" என்றேன்.
கண்ணாடி மாட்டிக்கொண்டு கிட்டே போனேன்.
அளவுக்கல்லில் எட்டடி.
இருபத்தாறு வருடத்தில் எட்டடி என்று
இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்,
இரண்டு தடவையும் ஊர் தூங்கவில்லை.
மூன்று பலகையும் இறக்கிக் கிடக்கிறது.
பூட்டுத் தொங்குகிறது, சாவி என் இடுப்பில்.
ஆனாலும் மேலேயும் கீழேயும் ஒரே மட்டம்.
யார் திறந்தது?

கலியமூர்த்திக்குக் கடைமடையில் ஒன்றரை ஏக்கர்.
இந்த வருடம் குறுவை போடவில்லை.
என்னிடம் அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.
"இன்னொரு வாட்டி போடு பாப்பா" என்றார்.
ஏழு வாட்டி போட்டாள்.
சண்டையில் ஜெயித்தது யாரென்று
எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தத் தண்ணீரைக் கைபேசியில் பிடித்துவைக்கப் பார்த்தாள்.
கறுப்பாக வந்தது.
மறுபடி பிடித்தாள், மறுபடி கறுப்பு.
வாடகைச் சாமானைப் படமெடுக்க முடியாதாம்.

ஞாயிறு காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்,
வாசலில் கலியமூர்த்தி.
தம்பியையும் கூட்டி வந்திருக்கிறார்.
"இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கு?"
தையல் இரண்டு டம்ளர் கூடுதலாகக் கழுவினாள்.