எந்த ஐந்து

சாகிர் ஓடுதளம், மாலை நாலரை.
வெயில் பட்ட பக்கத்து டயர் இரண்டிலும்
ஒன்றரைப் பவுண்டு காற்று கூடுதல்.
காரைத் திருப்பி நிறுத்தினேன்.
தோசையா இது, என்றாள் பர்வீன்.

ஆறிய டயரில் இருபத்தாறு.
நாலு சுற்று ஓடி வந்தால் முப்பத்து மூன்று.
வால்வை அழுத்தினால்
கட்டைவிரலில் சுடுகிறது காற்று.

பின்பக்கம் உதறுகிறது, என்றாள்.
அடியில் படுத்து ஷாக்கின் குமிழைத் திருகினேன்.
பக்கத்தில் ஜெனரேட்டர் இரைச்சல்;
கிளிக்கை விரல்நுனியில்தான் கேட்க வேண்டும்.
இரண்டு பக்கமும் ஐந்து.
நோட்டில் எழுதிக்கொண்டேன்.

விளக்குகள் எரிந்தபின் ஓடிய ஓட்டத்தில்
இறக்கத்து இடது வளைவை
ஒரே கோடாக இழுத்து முடித்தாள்.
இறங்கி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்,
என் தோளில் குத்தினாள்.

கிளம்புமுன் சரிபார்த்தேன்.
வலதை முழு இறுக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறேன்,
இடதை முழுத் தளர்விலிருந்து.

பர்வீன் கண்ணாடியில் படிந்த மணலைத் துடைத்தபடி
விசிலடித்துக்கொண்டிருக்கிறாள்.
மருந்துக்கடையில் நாள் முழுக்க
மாத்திரை எண்ணிக் கொடுப்பவள்,
ஒன்றுகூடத் தப்பாதவள்.

அடுத்த வெள்ளியும் அதே ஐந்து வை, என்கிறாள்.
சரி என்கிறேன்.
நோட்டை விரித்து
அந்த ஐந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.