ஊக்கு

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறுகளையெல்லாம் தெருக்களுக்கு அடியில் புதைத்துவிட்டுப்
பெயரை மட்டும் வைத்துக்கொண்ட ஊர்.
வூச். நவம்பர். சேறாகிப்போன பனி.
டிராமில் கம்பியைப் பிடித்து நின்றே வந்தேன்.
இருவர் இருக்கையில் நான் அமர்ந்தால்
மற்றவர் உடனே சன்னலுக்கு வெளியே
எதையோ தேடத் தொடங்கிவிடுவார்.

பழைய பஞ்சாலை. செங்கல் சுவர்.
தலைமுறை தலைமுறையாய் நூல் நூற்ற கூடத்தில்
நூலிடை ஒன்றுகூட இல்லாத
அணிவகுப்பு இன்று.

வாசலில் அட்டையை நீட்டினாள் ஒருத்தி.
"பத்திரிகை."
பல் மருத்துவரிடம் நேரம் குறித்துக் கொடுப்பவள் நான்,
நாளைக் காலையும் அதே நாற்காலிதான்.
ஒரு வார இதழ் அரைப் பக்கம் கேட்டிருக்கிறது, அவ்வளவே.
என் பெயர் ஒட்டிலியா.
அட்டையில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.
அது விடுபட்டால் எங்கள் மொழியில்
கிட்டத்தட்ட, பருத்தவள்.
பள்ளிக்கூடத்திலும் அந்த எழுத்தைத்தான்
தினம் விழுங்குவார்கள்.
பருத்தி வந்து இறங்கிய வாசலில்
பருத்தவள் என்று குத்திக்கொண்டு உள்ளே போனேன்.
என்ன இருந்தாலும் பத்திரிகை.
நெஞ்சு ஓர் அங்குலம் நிமிர்ந்தது பொய்யில்லை.

முதல் வரிசை, மூன்றாம் நாற்காலி.
கைப்பிடி வைத்தது.
மேடையின் அகலம், படியின் உயரம்,
உடை மாற்றும் அறைக்குத் திரை,
எல்லாம் யோசித்தவர்கள்
விருந்து மண்டபத்தில் வாடகைக்கு எடுத்த இவற்றை
யோசிக்கவில்லை.
மூச்சைப் பிடித்து இறங்கினேன்.
இரண்டு பக்கமும் விலாவில் விசாரணை.
எழுந்தேன்.
நாற்காலியும் எழுந்தது.

பக்கத்தில் இன்னொருத்தி
தன் நாற்காலியோடு இதே பேச்சுவார்த்தையில் இருந்தாள்.
கண்கள் சந்தித்தன. முதலில் சிரித்தது யாரென்று தெரியாது.
கொஞ்ச நேரத்தில் முதல் வரிசை மொத்தமும்
சுவரோரம் சாய்ந்து நின்றது.
காலி நாற்காலிகள் மட்டும் ஒழுங்காக
மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் திரை விலகி ஒரு கை.
"ஊக்கு இருக்கா, யாரிடமாவது?"
தையல்காரர் ஸ்வாவோமிர். நெற்றியெல்லாம் வியர்வை.
அவருக்குப் பின்னால் கருநீலப் பட்டில் போகுமிலா,
முதுகில் பல்லிளித்த ஜிப்போடு.
அட்டையைக் கழற்றி ஊக்கைப் பிடுங்கினேன்.
"நீங்களே குத்துங்கள், எனக்குக் கை நடுங்குது" என்றார்.
குத்தினேன்.

இவ்வளவு அருகில் அப்படியொரு முதுகை நான் பார்த்ததில்லை.
உள்ளாடைப் பட்டை அழுத்திய சிவப்புத் தடம்.
தோளுக்குக் கீழே ஒரு மச்சம்.
மடிந்து இறங்கும் சதை, சூடாக.
என்னுடையதை நான் பார்த்ததே இல்லை.
இப்படித்தான் இருக்குமோ?

"டிராம் ஓட்டுகிறேன்" என்றாள், திரும்பாமலே.
"பதினொன்றா?"
"பதினான்கு."
அதற்குமேல் பேச நேரமில்லை.

இசை தாமதமாக வந்தது. அவள் காத்திருக்கவில்லை.
கதவெல்லாம் மூடிவிட்டதா என்று
பார்த்துவிட்டுக் கிளம்புகிறவளின் நடை.
முனையில் நின்றாள். திரும்பினாள்.
விளக்கு ஒரு கணம் ஊக்கில் பட்டுத் தெறித்தது.
கூடத்தில் அது எனக்கு மட்டும் தெரியும்.

பிறகு பதினேழு பெண்கள் நடந்தார்கள்.
குறிப்பேட்டில் ஒரே சொல்: நீலம்.

இந்தப் பருவத்தின் போக்கு என்ன,
எந்த வெட்டு, எந்தத் துணி
என்று ஆசிரியர் கேட்பார்.
கோட்டுப் பையில் குத்த வழியில்லாத அட்டை,
அதில் இன்னும் ஓர் எழுத்துக் குறைவு.
ஊக்கைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டேன்.

வெளியே லாரி நிற்கிறது.
நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஏற்றுகிறார்கள்.
எவ்வளவு சுலபமாகச் செருகிக்கொள்கின்றன.
பனியில் நின்றபடி
முதல் வாக்கியத்தை எழுதினேன்:
நாற்காலிகள் மிகவும் ஒல்லியாக இருந்தன.