இருபத்தைந்தில் ஒரு பங்கு

புக்கிட் ஜாலிலில், எட்டாவது மாடியில்,
முத்தங்களை வெட்டுவது என் வேலை.
நொடி ஒன்றுக்கு இருபத்தைந்து படங்கள்.
இரத்தம் மிகுந்தால் நிறம் குறைப்பேன்,
தோள் தெரிந்தால் மூடுபனி போர்த்துவேன்,
வசை வந்தால் அந்த இடத்தில் ஒரு மௌனம்.
வெட்டியது தெரியக்கூடாது என்பார்கள்.
தெரியும்.
அவன் பாதி குடித்த தேநீர்
அடுத்த நொடியில் விளிம்புவரை நிற்கும்.
மழையில் நனைந்த சட்டை
வாசலைத் தாண்டுவதற்குள் காய்ந்துவிடும்.

அறைத்தோழி தர்மினிக்கும்
தணிக்கையோடுதான் மல்லுக்கட்டு.
விண்மீன் ஒன்று தன் எடை தாளாமல் இடிந்து
கணக்கெல்லாம் கெட்டுப்போகும் அந்தப் புள்ளியை
கருந்துளை எப்போதும் திரைபோட்டு மறைத்துவிடுமாம்.
பிரபஞ்சத் தணிக்கை என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.
சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.
"அதிகாரி இருக்கிறார் என்பதே ஒரு நம்பிக்கைதான்.
யாரும் நிரூபித்ததில்லை," என்றாள்
ரொட்டி சானாயைப் பருப்பில் முக்கியபடி.

அவர் வேலைக்கு வராத நாளில்?
திரையில்லாத புள்ளி,
நிர்வாண ஒருமை,
எங்கோ வெட்டவெளியில் நிற்கிறதா?
அவள் மடிக்கணினி முழுக்க அதன் படங்கள்,
எல்லாம் கணக்கில் வரைந்தவை.
கருந்துளையென்றால் ஒளிவளையத்தின் நடுவே
தோசைக்கல் போல் ஒரு கறுப்பு.
இதில் சிலவற்றுக்கு நிழலே இல்லை.
சிலவற்றில், கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில்,
வளையத்துக்குள் வளையம், அதற்குள்ளும் ஒன்று:
உள்ளே போன ஒளி
திரும்பி வந்த காலடிச் சேறு.

பக்கத்தில் ஒரு பம்பரம் விட்டாலும் தெரியுமாம்.
கருந்துளை விளிம்பில் அதற்குப் பேய் பிடிக்கும்,
இங்கே தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு சுற்றும்.
யார் போய்ப் பம்பரம் விடுவது?
"தூசி சுற்றுகிறதே, அது போதும்."

வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள்: உண்டா, இல்லையா?
"இருந்தால் எப்படி இருக்கும் என்று சொல்வேன்.
லேசாக ஊதினாலே மூடிக்கொள்ளும் என்பவர்களும் உண்டு.
அவர்களை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை."
ஆறு மாதம் திருத்தம் போட்டார்கள்.

அன்றிரவு கின்றாராவில், மாமாக் கடையில்,
தகரக் கூரைமேல் மழை அடங்கிய நேரத்தில்
யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.
மார்ச் மாதம், இரண்டு இரவு தூங்காத கண்ணோடு,
ஒரு காட்சியை மூடினேன்.
ஒரு படம் விட்டுப்போனது.
ஒன்றே ஒன்று.
அது ஒளிபரப்பாகி, எத்தனையோ வீடுகளில் விழுந்து,
ஒருவர் வாயும் திறக்கவில்லை.
மூன்றாம் நாள் கிள்ளானிலிருந்து ஒரு போன்.
புகார் இல்லை.
"பதினொன்னு பத்துக்கு, அந்தக் கதவு மூடறப்போ..."
என்ன பார்த்தீங்க?
"பார்த்தேன்னு சொல்ல முடியாது தங்கச்சி.
வெளிச்சம் மாறுச்சு. திரும்பப் போடுவீங்களா?"
ஒளிபரப்புக் கோளாறு என்று பதிந்து
கோப்பை மூடினேன்.

தர்மினி கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தாள்.
"மூடறப்போவா? மூடினதுக்கு முன்னாலயா?
சரியா என்ன சொன்னார்?"
நடு அடர்ந்து ஓரம் தளர்ந்த விண்மீன் இடிகையில்
திரை எழுவதற்குச் சற்று முன்
ஒரு கீற்று தப்பிவிடலாம் என்று
நாலு வருடமாக எழுதிக்கொண்டிருப்பவள் அவள்.
அப்படியொரு கீற்றை இதுவரை எவரும் கண்டதில்லை.
அவர் எண் இருக்கா?
அழித்துவிட்டேன்.
மறுஒளிபரப்பு?
அதில் சரியாக மூடிவிட்டேன்.

பில்லின் பின்பக்கம், ஈரத்தில் மை ஊற,
கட்டம் போட்டு எழுதினாள்.
இடம்: கிள்ளான்.
நேரம்: பதினொன்று பத்து.
பார்த்தவர்: ஒருவர்.
பிழை என்ற கட்டத்தில் பேனா நின்றது.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
என் பெயரைச் சொன்னேன்.